போயிட்டு வா

செங்காட்டுப்பாளையத்துப் பெண்களின் கால்கள் வாசற்படி தாண்டாமல் நின்றுபோன வருசத்தில், இதற்கெல்லாம் காரணம் இவள்தான் என்று பாதி நாடு கையெடுத்துக் கும்பிட்டதும் மீதி நாடு காறித் துப்பியதுமான கலாமணிக்குப் புருசனாக இருந்தவன் நாச்சிமுத்து. பனியன் கம்பெனியில் இஸ்திரி மாஸ்டர். யாரிடமும் குரலை உயர்த்திப் பேசத் தெரியாதவன், டீக்கடையில் நின்றால் மூன்றாவது தடவை கேட்ட பிறகுதான் தனக்குச் சர்க்கரை கம்மி என்று சொல்லுகிறவன். அப்பேர்ப்பட்டவனின் குரலைத்தான் கடைசியில் நாற்பது லட்சம் பேர் தங்கள் போனில் போட்டுப் போட்டுக் கேட்டார்கள்.

கலாமணி அவனைப் போல இல்லை. ஓவர்லாக் மெஷினில் சின்னப் பெண்ணாக உட்கார்ந்து பதினாறு வருசத்தில் லைன் சூப்பர்வைசராக எழுந்தவள், நாற்பது பேரை ஒரே அதட்டலில் வேலை வாங்கியவள். கல்யாணம் ஆன நாள் முதல் வீட்டில் எதை வாங்குவது, எந்த ஒறம்பரைச் சொந்தத்து வீட்டு விசேசத்துக்குப் போவது, மகளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது எல்லாம் அவள் சொன்னதுதான். சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு "கடைவீதி வரைக்கும் போயிட்டு வரட்டுமா" என்று கேட்பவன் நாச்சிமுத்துதான். கர்ப்பப்பையை எடுத்த பிறகு மெஷினில் உட்கார முடியாமல் அவள் வீட்டோடு இருக்க வேண்டி வந்தது. நாற்பது பேரை அதட்டிய வாய் நாலு சுவரைப் பார்த்து எத்தனை நாளைக்குச் சும்மா இருக்கும்? காலேஜ் கடைசி வருசம் படித்துக்கொண்டிருந்த மகள் சிந்துஜாதான் பாவம் பார்த்துத் தன் பழைய போனில் அம்மாவுக்கு ஒரு சேனல் தொடங்கிக் கொடுத்தாள். 'கலாமணி வீட்டு வாசல்' என்று பேர். அரிசிம்பருப்புச் சாதம், கொள்ளு கடைசல், கம்மஞ்சோறு. ஒறம்பரைகள் பார்த்தார்கள், அவர்களும் பாதியில் விட்டுவிட்டார்கள்.

ஒரு நாள் யாரோ ஒருத்தி கீழே எழுதியிருந்தாள்: ஒடம்பு நல்லாத்தானே இருக்கு, புருசன் சம்பாத்தியத்தில் உட்கார்ந்து பருப்பு கடைய வெட்கமாக இல்லையா என்று. கலாமணி அதைப் படித்தாள். மத்தைக் கீழே வைத்தாள். போனை நேராக முகத்துக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு பேசினாள்.

"என்ற வீட்டுக்காரர் சொல்லாம நான் இந்த வாசப்படியத் தாண்டுனதில்ல. போயிட்டு வான்னு அவரு சொன்னாத்தான் என்ற காலு நவுரும். அதுல எனக்கு என்ன கொறஞ்சு போச்சு? சுதந்திரம் சுதந்திரம்னு ரோட்டுல நின்னு கத்துறீங்களே, உங்களுக்குப் போயிட்டு வான்னு சொல்ல ஒரு ஆளு இருக்குதா? வான்னு சொல்ல ஆளில்லாதவதான் போறதப் பத்திப் பேசுவா!"

பக்கத்து அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த நாச்சிமுத்துவுக்கு வாய்ச்சோறு வாயிலேயே நின்றது. எட்டிப் பார்த்துக் கேட்டான்.

"எப்பக் கலா நீ என்னையக் கேட்டுட்டுப் போனே?"

"ஒரு பேச்சுக்குச் சொல்றதுதானுங்க மாமா. நீங்க சாப்புடுங்க."

அந்தப் பேச்சு மூன்று நாளில் போன இடமெல்லாம் போயிற்று. முடிவெட்டும் கடையில், டவுன் பஸ்ஸில், கம்பெனி கேண்டீனில், கல்யாண மண்டபத்துப் பந்தியில், பார்த்த ஆண்கள் பக்கத்தில் இருந்த பெண்களிடம் போனைத் திருப்பிக் காட்டினார்கள். அடுத்த வீடியோவில் கலாமணி பட்டுப்புடவை கட்டி வாசற்படியில் நின்று "மாமா, போயிட்டு வரட்டுங்களா?" என்று கேட்க, உள்ளேயிருந்து ஆளைக் காட்டாமல் "போயிட்டு வா" என்று ஒரு குரல் மட்டும் வர வேண்டும். நாச்சிமுத்து ஒன்பது தடவை சொன்னான். "கம்பீரமாச் சொல்லுங்க மாமா, கருவேப்பிலை வாங்கியாரச் சொல்றாப்பல சொல்றீங்க" என்று அவள் ஒன்பது தடவையும் அதட்டினாள். பத்தாவது தடவை அவனுக்குத் தொண்டை கட்டிக்கொண்டது, அந்தக் கட்டின குரல்தான் கம்பீரமாக இருந்தது.

அதன் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. வக்கீல் அம்மாக்கள் திட்டினார்கள், ஏறினாள். காலேஜ் பெண்கள் அவளைப் போல வேசங்கட்டி நையாண்டி செய்தார்கள், இன்னும் ஏறினாள். டிவியில் நான்கு பேர் சூழ்ந்துகொண்டு மடக்கினார்கள், அவள் சிரித்துக்கொண்டே ஒரு பழமொழியை எடுத்துப் போட்டாள், அந்த ஒற்றைப் பழமொழியை வெட்டி ஒட்டி நாடே பரப்பிற்று. அதிகம் படித்த பெண்ணைப் பற்றிச் சொன்னாள், விவாகரத்து வாங்கியவளைப் பற்றிச் சொன்னாள், தனக்கென்று தனி ஏடிஎம் கார்டு வைத்திருப்பவளைப் பற்றிச் சொன்னாள். சொல்லிவிட்டு வந்து, தன் கார்டைத் தன் கைப்பைக்குள்தான் வைத்தாள்.

சிந்துஜா அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நிறுத்தினாள். ஒரு நாள் தட்டைக் கழுவிக்கொண்டே சொன்னாள்:

"ம்மா, அதுல பேசறது நீ இல்ல."

"நானில்லாம வேற யாரு கண்ணு? பதினாறு வருசம் மெஷின் சத்தத்துக்கு மேல கத்துனேன், ஒருத்தன் காதுலயும் விழுகல. இப்ப மெதுவாப் பேசுனாலும் கேக்குறாங்க. கேக்குறாப்பல பேசறேன், அவ்வளவுதான்."

நாச்சிமுத்து இரண்டு பேரையும் பார்த்தான். இரண்டு பேர் சொன்னதும் அவனுக்குச் சரியாகத்தான் பட்டது.

தீபாவளி லீவு முடிந்து கம்பெனிகள் திறக்கிற திங்கட்கிழமை விடியற்காலையில் அது நடந்தது. சாணித் தண்ணீர் வாளியோடும் கோலமாவுக் கிண்ணத்தோடும் வாசலுக்கு வந்த பெண்கள் தூக்கிய காலைப் படிக்கு அந்தப் பக்கம் வைக்க முடியாமல் நின்றார்கள். சுவர் போல எதுவும் தடுக்கவில்லை, வலி இல்லை, யாரும் பிடித்து இழுக்கவில்லை. அடுப்பில் எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தவளுடையதைப் போல, தூக்கிய கால் தானாகத் திரும்பி உள்ளேயே விழுந்தது, மறுபடி தூக்கினால் மறுபடியும் திரும்பிற்று. கலாமணியும் வாளியோடு நின்றாள். தன் காலைக் குனிந்து கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு கூப்பிட்டாள்.

"மாமா, ஏந்திரிங்க."

தூக்கக் கலக்கத்தில் அவன், இதுவும் வீடியோவுக்குத்தான் என்று நினைத்துக்கொண்டு, கண்ணைத் திறக்காமலே "போயிட்டு வா" என்றான். வாளி கீழே வைக்கிற சத்தமும் தண்ணீர் தெளிக்கிற சத்தமும் கேட்டன. கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தவள் அவன் தலைமாட்டில் நின்று அவனைப் பார்த்த பார்வையை, இருபத்திரண்டு வருசத்தில் அன்றைக்குத்தான் அவன் முதன்முதலாகப் பார்த்தான். வேற்று ஆளைப் பார்ப்பதைப் போல இருந்தது.

ஏழு மணிக்குக் கம்பெனி பஸ்கள் வந்து தெருமுனையில் ஹாரன் அடித்தன. சாப்பாட்டுப் பையும் அடையாள அட்டையுமாகப் பெண்கள் அவரவர் வாசலில் நின்றார்கள். பல் விளக்கிக்கொண்டிருந்த ஒருவன் எதையோ நினைத்துக்கொண்டு "சரி போயிட்டு வா" என்று பெண்டாட்டியிடம் சொல்ல, அவள் கால் படி தாண்டிற்று. அதைப் பார்த்த எதிர்வீட்டுக்காரி தன் புருசனைக் கூப்பிட்டாள், அவளைப் பார்த்து அடுத்தவள் கூப்பிட்டாள், அரை மணி நேரத்தில் ஊருக்கே விசயம் விளங்கிவிட்டது. அன்றைக்குப் பஸ்கள் ஒன்பதரைக்குப் புறப்பட்டன, பாதி சீட்டுக் காலியாக.

ஊர் அதை எப்படி ஏற்றுக்கொண்டது என்று கேட்டால், மழையை ஏற்றுக்கொள்வது போலத்தான். முதல் வாரம் மந்திரிக்க ஆள் வந்தது, பெரியாஸ்பத்திரியிலிருந்து காலைச் சோதிக்க டாக்டர் வந்தார். விசாரிக்க வந்த ஒரு பெண் அதிகாரி ஒரு வீட்டுக்குள் போய் உட்கார்ந்து எழுதிக்கொண்டு எழுந்தவர் திரும்ப வெளியே வர முடியாமல் நின்றார். டிரைவர் சொல்லிப் பார்த்தான், பலிக்கவில்லை. கரூரிலிருந்து அவருடைய வீட்டுக்காரர் லீவு போட்டு வந்து சொல்கிற வரைக்கும் அந்த வீட்டிலேயே மத்தியானச் சாப்பாடும் சாயங்காலக் காப்பியும் ஆயிற்று. அதன் பிறகு விசாரிக்க யாரும் வரவில்லை.

இரண்டாம் வாரத்தில் ஊர் கணக்கெல்லாம் கண்டுபிடித்துவிட்டது. புருசன் சொல்லலாம், அப்பன் சொல்லலாம், கூடப்பிறந்தவன் சொல்லலாம், பேச்சு வந்த மகன் சொல்லலாம். போனில் பதிந்து வைத்த குரல் செல்லாது, போனில் நேராகப் பேசினாலும் செல்லாது, அந்த வாசற்படிக்குக் கேட்கிற தூரத்தில் இருந்து நேரில் சொல்ல வேண்டும். வயசுக்கு வராத பெண் குழந்தைகளை அது ஒன்றும் செய்யவில்லை. ஒருமுறை சொன்ன சொல் ஒரு தடவை போய் வருவதற்குத்தான், அதுவும் விளக்கு வைக்கிற நேரம் வரைக்கும்தான் தாங்கும். 'போயிட்டு' என்பது தாண்ட வைக்கும், 'வா' என்பது திரும்ப இழுக்கும்: பொழுது சாய்கிற நேரத்தில் எந்தக் கடையில், எந்த மெஷினில் இருந்தாலும் பெண்களின் கால்கள் தாமாக எழுந்து வீட்டுப்பக்கம் நடந்தன. சொன்ன ஆளும் கூடவே ஊர் எல்லை தாண்டி வந்திருந்தால் மட்டும் கால்கள் சும்மா இருந்தன.

கம்பெனிகள் ராத்திரி ஷிப்டை எடுத்துவிட்டு, ஆண்கள் தவறாமல் சொல்லிவிட்டு வரவும் என்று கேட்டில் எழுதி ஒட்டின. மாரியம்மன் கோயில் ஒலிபெருக்கியில் காலை ஆறே முக்காலுக்குப் பாட்டை நிறுத்திவிட்டு ஞாபகப்படுத்தினார்கள். குடித்துவிட்டு விழுந்து கிடக்கிறவனை எழுப்பி உட்கார வைத்து, தண்ணீர் தெளித்து, வாயைத் துடைத்துச் சொல்லவைக்கப் பெண்கள் பழகினார்கள். ரங்கநாயகி என்று ஒரு தையல்காரி, அப்பன் இல்லை, புருசன் விட்டுப் போய் எட்டு வருசம், கூடப்பிறந்தவனும் இல்லை, பதினொரு நாள் உள்ளேயே கிடந்தாள். பன்னிரண்டாம் நாள், பக்கத்து லைன் வீட்டில் குடியிருந்த ஒடிசாக்காரன் பபன் என்பவனை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டு, அவன் கையில் ஒரு மஞ்சள் கயிற்றைக் கட்டி, அண்ணா என்று மூன்று தடவை கூப்பிட்டாள். அவன் "போய்ட்டு பா தங்கச்சி" என்றான். 'வா' என்று வராத அந்த வாய்க்கும் வாசற்படி வழிவிட்டது. அவனுக்கு மறு வாரத்துக்குள் பதினாறு தங்கச்சிகள் ஆனார்கள், காலையில் அவன் சைக்கிளில் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போனான்.

சில ஆண்கள் அழுதார்கள், இது என்ன பாவம் என்று. சிலர் காலைத் தூக்கம் கெட்டுப்போனதே என்று சலித்தார்கள். சிலர் சட்டைப் பொத்தானை ஒவ்வொன்றாக மெதுவாகப் போட்டுக்கொண்டு, வாசலில் நிற்கிறவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு, சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றார்கள். அந்தக் கொஞ்ச நேரம் நாளுக்கு நாள் கூடிக்கொண்டு போயிற்று. சிலர் சொல்லாமலே போனார்கள். முதல் மாதம் ஊர் அழுதது, இரண்டாம் மாதம் அதைச் சொல்லிச் சிரித்தது, மூன்றாம் மாதம் அது எப்போதும் இப்படித்தானே இருந்தது என்றது.

கலாமணியின் பேர் அதற்குள் கடல் தாண்டிவிட்டது. அவள் வாய் திறந்தது பலித்துவிட்டது என்றார்கள், பத்தினி வாக்கு என்றார்கள். ஒரு துணிக்கடை 'வாசப்படிப் பட்டு' என்று அவள் படம் போட்டுப் புடவை விற்றது. மேடைமேடையாக அவளைக் கூட்டிப் போனார்கள், விளக்கு வைக்கிற நேரம் தாண்டினாலும் கால் இழுக்காமல் இருக்க நாச்சிமுத்துவும் லீவு போட்டுக் கூடவே போய் மேடை ஓரத்து நாற்காலியில் உட்கார்ந்தான். தினமும் காலையில் கார் வந்து நிற்கும், அவள் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டே வாசலில் நின்று "சீக்கிரம் சொல்லுங்க மாமா, நேரமாச்சு" என்பாள். அவன் சொல்வான். அவள் சொல்லச் சொல்லித்தான் அவன் சொன்னான், இருந்தாலும் அவன் சொல்லாமல் அவள் போக முடியவில்லை. இதில் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர்கள் என்று அவன் காரில் போகும்போது யோசித்துப் பார்ப்பான், பிடி கிடைக்காது, ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிடுவான்.

மார்கழியில் ஒரு புதன்கிழமை. கலாமணிக்குக் கூட்டம் இல்லாத நாள். எதிர்வீட்டு வளர்மதியோடு சண்டை போட்டுவிட்டு அவள் புருசன் சண்முகம் காலையில் சொல்லாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மூன்று வயது மகள் யாழினி வாசலில் ஈர்க்குச்சியை வைத்துக் கோலத்தைக் கலைத்து விளையாடிக்கொண்டிருந்தது. துணி மூட்டை ஏற்றிய குட்டியானை வண்டி ஒன்று சந்துக்குள் பின்பக்கமாகவே வந்தது. டிரைவருக்குக் குழந்தை தெரியவில்லை.

நாச்சிமுத்து சத்தம் கேட்டு ஓடிவந்தபோது குழந்தை சக்கரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. இருபது அடி தள்ளி வாசற்படியில் வளர்மதி நின்றாள். காலைத் தூக்கினாள், திரும்பிற்று. தூக்கினாள், திரும்பிற்று. நிலையைப் பிடித்துக்கொண்டு உடம்பை வெளியே தள்ளினாள், கால் உள்ளேயே நின்றது, கைகள் இரண்டும் தெருவுக்குள் நீண்டு காற்றைப் பிடித்தன. நாச்சிமுத்து குழந்தையை வாரித் தூக்கிக்கொண்டு அவளைப் பார்த்துக் கத்தினான்.

"போயிட்டு வா! வளரு, போயிட்டு வா!"

"தாண்டலீங்கண்ணா!"

"போயிட்டு வா தாயி! போயிட்டு வா!"

அவன் அவளுக்கு ஒரு முறையும் இல்லாத அண்ணன். கயிறு கட்ட நேரம் இல்லை. குழந்தையின் கால் துணி போலத் தொங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு அவள் கைக்கு எட்டுகிற தூரம் வரைக்கும் போனான். அவள் ஒரு தடவை குழந்தையின் நெற்றியைத் தொட்டாள். பிறகு அவளே அவன் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

"நிக்காதீங்கண்ணா, ஓடுங்க, ஓடுங்க!"

தொடை எலும்பு முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றும் இல்லை என்றார்கள். சண்முகம் போனை அணைத்து வைத்திருந்தான், மூன்று மணிக்குத்தான் ஆள் கிடைத்தான். அதுவரை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து அந்தக் குழந்தை அம்மா, அம்மா என்று அழுததும், ஆறு கல் தொலைவில் வாசற்படியில் நின்று அதன் அம்மா அழுததும் நாச்சிமுத்துவுக்கு ஒரே சத்தமாகக் கேட்டன.

வீட்டுக்கு வந்தவன் சட்டை மாற்றவில்லை. குழந்தையின் ரத்தத்தோடு கலாமணியின் முன்னால் போய் நின்றான்.

"உண்மையச் சொல்லு. நீ என்னையக் கேட்டதே இல்லைன்னு ஊருக்குச் சொல்லு. அத்தனையும் பேச்சுக்குச் சொன்னதுன்னு சொல்லு. சொல்றியா இல்லியா?"

இருபத்திரண்டு வருசத்தில் அவளிடம் அவன் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. கலாமணி ஜன்னல் வழியாக எல்லாவற்றையும் பார்த்திருந்தாள். அவளும்தான் காலைத் தூக்கித் தூக்கிப் பார்த்திருந்தாள், புருசன் தெருவில் வேறு ஒருத்தியைப் பார்த்துக் கத்திய அந்த வார்த்தை அவளுக்கானது இல்லை என்று அவள் கால் உள்ளேயே நின்றிருந்தது. முகத்தைக் கழுவிக்கொண்டு, பட்டுப்புடவை இல்லாமல், பொட்டு இல்லாமல், கட்டியிருந்த நைட்டியோடு போனுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"நான் சொன்னது பொய்யிங்க. எங்கூட்டுக்காரரை நான் ஒரு நாளும் கேட்டுட்டுப் போனதில்ல. அவருதான் என்னையக் கேப்பாரு. ஒரு வார்த்தை கோவத்துல சொன்னேன், நீங்க கேட்டீங்க, அதனால மறுக்கா மறுக்காச் சொன்னேன். என்ற வாயில வந்தது பலிக்கக் கூடாதுங்க. தயவு பண்ணி யாரும் அத நம்பாதீங்க."

அதைச் சேனலில் ஏற்றிவிட்டு, சிந்துஜாவோடு மூன்று பேரும் உட்கார்ந்து காத்திருந்தார்கள். முதலில் யாரும் பார்க்கவில்லை. பிறகு பார்த்தவர்கள், இது கலாமணியே இல்லை, கம்ப்யூட்டரில் செய்த பொய்முகம் என்றார்கள். பிறகு, கலாமணிதான், ஆனால் பெண்ணுரிமைக்காரிகள் மிரட்டிப் பேசவைக்கிறார்கள் என்றார்கள். அப்புறம் அவளைத் தாயே என்று கும்பிட்டவர்களே வந்தார்கள். பட்டுக் கட்டாமல் கேமரா முன்னால் வர வெட்கமாக இல்லையா, உன் புருசன் என்ன செய்துகொண்டிருக்கிறான், நாச்சிமுத்து அண்ணா உங்கள் பெண்டாட்டியை அடக்குங்கள் என்று ஆயிரக்கணக்கில் எழுதினார்கள். சிந்துஜா ஒவ்வொன்றாகப் படித்தாள். கலாமணி பாதியில் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தாள். எழுந்து போய் வாசற்படியில் காலைத் தூக்கிப் பார்த்தாள். கால் திரும்பி உள்ளே விழுந்தது.

"என்ற கைய விட்டுப் போயிருச்சுங்க மாமா" என்றாள்.

மறுநாள் காலையில் அந்த வீடியோவை நீக்கிவிட்டாள். ஈரோட்டில் கூட்டம் இருந்தது. கார் வந்து நின்றது. பட்டுப்புடவையோடு வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல், "சொல்லுங்க மாமா" என்றாள். அவன் சொன்னான்.

சிந்துஜாவுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்த காகிதம் தை பிறப்பதற்குப் பத்து நாள் முன்னால் வந்தது. பெங்களூரில் பெண்களுக்குக் கால்கள் கால்களாகத்தான் இருந்தன. ஆனால் அப்பா 'போயிட்டு வா' என்று சொல்லி அவள் அங்கே போனால், விளக்கு வைக்கிற நேரத்தில் கால்கள் எழுந்து முந்நூறு கிலோமீட்டர் நடக்கத் தொடங்கும். போன மாதம் இப்படி வேலைக்குக் கிளம்பிய இரண்டு பெண்களைச் சேலம் ரோட்டில் அப்படித்தான் பார்த்து யாரோ வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள்.

அவள் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் காலையில் பையைக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"அப்பா, 'வா' சொல்லாதீங்க. 'போ'ன்னு மட்டும் சொல்லுங்க."

நாச்சிமுத்து வாயைப் பொத்திக்கொண்டான். எந்த வீட்டிலும் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை. பிணத்தைத் தூக்கும்போதுகூட வாய்விட்டுச் சொல்லாத வார்த்தை.

"என்ன பேசறே கண்ணு நீ..."

"பக்கத்துல குப்பாண்டாம்பாளையத்துலயும் இதே கதைதான், அங்க ஒருத்தன் கோவத்துல பொண்டாட்டிய அப்படிச் சொல்லிட்டானாம். அவ போயிட்டா. சாயங்காலம் கால் இழுக்கல. ஆனா திரும்பி வந்தப்போ அந்த வீட்டு வாசப்படி அவளை உள்ள விடலையாம்."

"அப்ப நீ?"

"நான் உள்ள வரமாட்டேன்ப்பா. வாசல் வரைக்கும் வருவேன்."

அவன் மகளைப் பார்த்தான். மடியில் தூக்கி இந்தப் படியைத் தாண்டி உள்ளே கொண்டுவந்தது, முதன்முதலாகத் தத்தித் தாண்டியது, யூனிபாரத்தோடு ஓடியது எல்லாம் ஞாபகம் வந்து நாக்கை அழுத்தின. "என்னால முடியாது சாமி" என்றான். "வேலை வேண்டாம். இங்கயே எதாவது பாத்துக்கலாம். நான் தினமும் சொல்றேன். ஒரு நாளும் தவறாமச் சொல்றேன்."

"உங்களுக்கு எதாவது ஆயிட்டா, அப்பறம் யாரு சொல்லுவா?"

சமையல்கட்டிலிருந்து கலாமணி வந்தாள். கையில் இருந்த கரண்டியை மேடையில் வைத்துவிட்டுத்தான் வந்தாள். மகளின் தலையில் முன்னால் விழுந்திருந்த முடியைக் காதுக்குப் பின்னால் எடுத்துவிட்டாள். பிறகு, தினமும் கார் வந்து நிற்கும்போது சொல்கிற அதே குரலில், கொஞ்சமும் மாறாமல் சொன்னாள்:

"சொல்லுங்க மாமா. நேரமாச்சு."

நாச்சிமுத்து கண்ணை மூடிக்கொண்டு சொன்னான். சத்தம் வரவில்லை என்று அவன் நினைத்தான், ஆனால் கால் தாண்டுகிற சத்தம் கேட்டது, செருப்புப் போடுகிற சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது வாசலில் அன்றைய கோலம்தான் இருந்தது.

பொங்கலுக்கு அடுத்த பூப்பறிக்கிற நோம்பியன்று சிந்துஜா வந்தாள். அந்த நோம்பிக்குப் பெண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போய்ப் பூப்பறித்து ஆடிப்பாடி வருவது வழக்கம். அந்த வருசம் அப்பன்மாரும் புருசன்மாரும் தெரு நீளத்துக்கு வாசலில் வரிசையாக நின்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே அவள் தன் வீட்டு வாசலுக்கு வந்து காலைத் தூக்கிப் படியில் வைத்துப் பார்த்தாள். கால் திரும்பித் தெருவில் விழுந்தது. "பாத்தீங்களாப்பா" என்று சிரித்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள், முடியைக் கத்தரித்திருந்தாள்.

நாச்சிமுத்து மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகளைத் தெருவில் கொண்டுவந்து போட்டான். கலாமணி நின்று கேட்டு, அவன் சொல்லி, வெளியே வந்தாள். அவன் உள்ளே போய்ச் சோறு கொண்டு வந்தான், உள்ளே போய்த் தண்ணீர் கொண்டு வந்தான், உள்ளே போய் மகளுக்குப் பிடித்த எள்ளுருண்டை டப்பாவைக் கொண்டு வந்தான். எத்தனை தடவை தாண்டினாலும் அவனை யாரும் எதுவும் கேட்கவில்லை. தெருவில் போன ஒரு பெண் நின்று, "அம்மா, உங்க வீடியோ ஒண்ணு விடாமப் பாப்பனுங்க" என்று பக்கத்தில் வந்து போட்டோ எடுத்துக்கொண்டாள். கலாமணி பழக்கத்தில் சிரித்தாள். சிந்துஜா முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அம்மாவின் முந்தானை மடிப்பைச் சரிசெய்து விட்டாள்.

பேசிக்கொண்டே இருந்தார்கள், ஹாஸ்டல் சாப்பாடு, கூட இருக்கிற பெண், மழை, முடி கொட்டுகிறது. "அதுக்கு நீ தேங்காயெண்ணெயில வெந்தயத்தைப் போட்டு..." என்று கலாமணி சொல்லிக்கொண்டிருக்கும்போது பொழுது சாய்ந்தது. அவள் கால்கள் எழுந்தன. மகளின் கையைப் பிடித்தபடிதான் எழுந்தாள், கால்கள் நடந்தன, கை நீண்டது, விரல் நீண்டது, விட்டது. சுற்றிலும் தெரு முழுக்கப் பூக்கூடைகளோடு பெண்கள் வீடுகளுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். உள்ளே போன பிறகும் கலாமணி குரலை உயர்த்தி, "காய்ச்சி ஆறவிட்டுத் தேய்க்கணும் கண்ணு, சூட்டோட தேய்ச்சராத" என்று சொல்லி முடித்தாள்.

பெங்களூர் பஸ் தெருமுனையில் நிற்கிற நேரம். சிந்துஜா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். அப்பாவைப் பார்த்து, ஐந்து வயதிலிருந்து சொன்ன பழக்கத்தில் சொல்லிவிட்டாள்.

"போயிட்டு வரேன்ப்பா."

நாச்சிமுத்துவின் நாக்கு எழுந்துவிட்டது. அந்த இரண்டு வார்த்தை பல்லுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டது. அப்போதுதான் அவனுக்கு உறைத்தது: அதைச் சொன்னால் என்ன ஆகும்? நாளைக்குப் பெங்களூரில் விளக்கு வைக்கிற நேரத்தில் இவள் கால்கள் எழுந்துகொண்டால்? நடந்து நடந்து இங்கே வந்து, உள்ளே விடாத இந்தப் படிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தால்? ஊரில் யாருக்கும் தெரியாது, இதுவரை யாரும் சொல்லிப் பார்த்ததில்லை. அவன் உதடுகளை இறுக மூடிக்கொண்டான்.

அவள் தெருமுனையைப் பார்த்துவிட்டு மறுபடியும் அவனைப் பார்த்தாள்.

"என்னுங்க மாமா, புள்ள சொல்லீட்டு நிக்குதில்ல, பதில் சொல்..." என்று உள்ளேயிருந்து கேட்ட கலாமணியின் குரல் பாதியில் நின்றது. அவளுக்கும் உறைத்துவிட்டது.

சிந்துஜாவுக்கும் அதற்குள் புரிந்திருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு தலையை ஆட்டினாள். அவனும் தலையை ஆட்டினான். பஸ் ஹாரன் அடித்தது. அவள் திரும்பி நடந்து, முனை திரும்பி மறைந்தாள். நாச்சிமுத்து வாயைத் திறக்கவில்லை. பஸ் கிளம்பின சத்தம் கேட்ட பிறகும் திறக்கவில்லை, தெருவிளக்கு எரிந்த பிறகும் திறக்கவில்லை. திறந்தால் அந்த வார்த்தைதான் வரும் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.